வேகம் வாங்கினோம், இடம் பார்த்தோமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி என்றால் எங்கள் வீட்டில் ஈப்போ நேரம். அம்மா, ஈப்போவில் இருக்கும் பெரியம்மாவுடன் காணொளியில் பேசும் நேரம். அம்மாவுக்கு 74 வயது, பெரியம்மாவுக்கு 79. அன்று சமைத்த கறியை இவர் காட்டுவார். அதில் மிளகு போதாது என்று அவர் பார்த்தே சொல்லிவிடுவார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் “சரி, வச்சிடட்டுமா” என்ற பேச்சு வரும். அதற்குப் பிறகும் கால் மணி நேரம் ஓடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பொங்கோலில் புதிய நாலறை வீட்டுக்குக் குடிவந்தோம். வந்த சில மாதங்களில் அந்த ஒரு மணி நேரப் பேச்சு பத்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது. அதை நான் கவனிக்கவே இல்லை. எட்டு வயது மகள்தான் ஒருநாள் கேட்டாள்.

“அப்பா, பாட்டி ஏன் எப்பவும் டாய்லெட் வாசல்ல நின்னே பேசுறாங்க?”

அம்மாவிடம் கேட்டேன். “ரூம்ல உட்கார்ந்தா அக்கா முகம் அப்படியே நின்னுடுதுப்பா. ஈப்போ பக்கம் லைன் சரியில்ல போல. இங்க வந்து நின்னா கொஞ்சம் தேவலை. ரொம்ப நேரம் நிக்க முடியல, அதான் சீக்கிரம் வச்சிடுறேன்” என்றார். பெரியம்மாவோ சிங்கப்பூர் லைன்தான் மோசம் என்று தம் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் என் வேலையே அலுவலகங்களில் கணினி, இணையக் கோளாறுகளைச் சரிசெய்வதுதான். 14 ஆண்டுகளாகச் செய்கிறேன். உறவினர் வீட்டு விருந்துக்குப் போனால் சாப்பாட்டுக்கு முன்பே “தம்பி, இந்த வைஃபையைக் கொஞ்சம் பாரேன்” என்பார்கள். அப்படிப்பட்டவன் வீட்டில், மூட்டுவலி உள்ள அம்மா மாதக்கணக்கில் நின்றுகொண்டே பேசியிருக்கிறார்.

இத்தனைக்கும் நான் பணத்தில் குறை வைக்கவில்லை. வினாடிக்கு 1 கிகாபிட் வேகத் திட்டம். 400 வெள்ளிக்கு வாங்கிய ரவுட்டர். ஆனால் வயர்களும் விளக்குகளும் வரவேற்பறையின் அழகைக் கெடுக்கக்கூடாது என்று, ரவுட்டரைக் கொண்டுபோய் ‘பாம் ஷெல்டர்’ அறையின் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். எல்லாத் தவறும் அங்கேதான்.

முதலில் அளந்து பாருங்கள்

இணையம் மெதுவாக இருக்கிறது என்றதும் பலரும் செய்வது இரண்டு காரியங்கள்தான். ஒன்று, இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறுவார்கள். அல்லது, புதிய ரவுட்டர் வாங்குவார்கள். இரண்டுக்கும் முன்னால், காசில்லாமல் அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: கோளாறு எங்கே என்று அளந்து பார்ப்பது.

முதல் அளவை, வயர் மூலம். மடிக்கணினியை நெட்வொர்க் கேபிளால் நேரடியாக ரவுட்டரில் இணைத்து, இலவச வேகச் சோதனை ஒன்றைச் செய்யுங்கள். 1 கிகாபிட் திட்டத்தில் 900 மெகாபிட் அளவுக்கு வந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். அது 95க்கு அருகில் வந்து நின்றுவிட்டால் கேபிளைச் சந்தேகியுங்கள். அதற்குள் எட்டு கம்பிகள் உண்டு. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். ஒரு கம்பி அறுந்தாலும் சாதனங்கள் சத்தமில்லாமல் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். பத்து வெள்ளி கேபிளை மாற்றினால் தீர்ந்துபோகும் இந்தக் கோளாறுக்காகப் புதிய ரவுட்டர் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது அளவை, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில். மூன்றாவது, ஒவ்வோர் அறையிலும், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவு ஒன்பது மணிக்கும் பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது: ரவுட்டருக்குப் பக்கத்தில் 620 மெகாபிட். சோஃபாவில் 210. அம்மாவின் கட்டிலில் 2. சில நேரம் அதுவும் இல்லை. கழிவறை வாசலில் 35. ஒரு காணொளி அழைப்புக்கு 3, 4 மெகாபிட் தடையில்லாமல் கிடைத்தால் போதும். வினாடிக்கு ஆயிரம் மெகாபிட்டுக்குக் காசு கட்டும் வீட்டில் அம்மாவின் கட்டிலுக்கு அந்த நான்கு போய்ச் சேரவில்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர்கள், அலையின் வலிமையைக் காட்டும் இலவசச் செயலிகளையும் பயன்படுத்தலாம். எண்கள் மைனசில் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம். மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 67 வரை காணொளிக்குக் கவலையில்லை. மைனஸ் 80ஐத் தாண்டினால் முகம் உறைந்து நிற்கும்.

சுவர்தான் வில்லன்

1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் காப்பறை இருக்கிறது. போர்க்கால அவசரத்துக்கென்றே கம்பி கட்டிய தடித்த கான்கிரீட் சுவர்களும் இரும்புக் கதவும் வைத்துக் கட்டிய அறை அது. வெடிச்சிதறலைத் தடுக்கக் கட்டிய சுவர் வைஃபை அலையையும் தடுக்கத்தான் செய்யும். பல வீடுகளில் கண்ணாடியிழை இணைப்பு வந்து முடியும் பெட்டி அந்த அறையிலோ அதற்குப் பக்கத்திலோ இருப்பதால், ரவுட்டரும் அங்கேயே குடியேறிவிடுகிறது. சுவரைத் துளைத்து வயர் இழுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். காப்பறைச் சுவரில் ஊடுருவும் துளை போட அனுமதி இல்லை.

அம்மாவின் கட்டிலுக்கும் ரவுட்டருக்கும் நேர்கோடு போட்டுப் பார்த்தேன். காப்பறையின் சுவர், குளியலறையின் ஓடு பதித்த சுவர், அலமாரிக் கதவில் உள்ள ஆளுயரக் கண்ணாடி. மூன்றும் குறுக்கே நின்றன. கண்ணாடியின் பின்னால் பூசியிருக்கும் உலோகப் பூச்சு அலையைத் திருப்பி அனுப்பும். மீன்தொட்டியும் அப்படித்தான், தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். கழிவறை வாசலில் மட்டும் ஓரளவு கிடைத்ததற்குக் காரணம், ஷெல்டர் கதவைத் திறந்தால் அந்த இடம் அதற்கு நேராக இருப்பதுதான். அரிசி எடுக்க அடிக்கடி கதவைத் திறந்து வைக்கும் அம்மா, எந்தச் செயலியும் இல்லாமல் வீட்டிலேயே நல்ல இடத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

அலைவரிசைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடியில் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்துவீடு எல்லோரும் அந்த மூன்றில்தான் ஓடவேண்டும். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கத்தில்தான் இயங்குகின்றன. குழம்பைச் சூடாக்கும்போதெல்லாம் இணையம் விட்டுவிட்டு வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவருக்குப் பயப்படும். புதிதாக வந்திருக்கும் 6 கிகாஹெர்ட்ஸ் அதைவிட வேகம், அதைவிடப் பயம்.

அலமாரிக்குப் பின்னால் இருந்த தீர்வு

முதல் வேலையாக ரவுட்டரை வெளியே எடுத்தேன். நீளமான கேபிள் வாங்கி, கதவோரமாக இழுத்து, வரவேற்பறைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இடுப்புக்கு மேல் உயரத்தில் திறந்தவெளியில் வைத்தேன். செலவு 15 வெள்ளி. அம்மாவின் கட்டிலில் 2 மெகாபிட்டாக இருந்தது 18 ஆனது. பேசலாம், ஆனால் இரவு நேரத்தில் மறுபடியும் தடுமாறியது.

அப்போதுதான் வீட்டின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் அறையில் இணைய வயர் செருகும் இடம் ஒன்று சுவரிலேயே இருப்பதாகக் காட்டியது. பல புதிய வீடுகளில் வரவேற்பறையிலும் படுக்கையறைகளிலும் இப்படிச் சுவருக்குள்ளேயே கேபிள் போட்டிருப்பார்கள். சாவி வாங்கிய நாளில் பார்த்தது. பிறகு தச்சர் செய்த அலமாரி அதை மறைத்துவிட்டது. அலமாரியின் பின்பலகையில் உள்ளங்கை அளவுக்கு வெட்டினேன். இருந்தது! சுவர்க் கேபிளின் மறுமுனையை ரவுட்டரில் செருகி, அம்மாவின் அறையில் 90 வெள்ளிக்கு ஒரு சிறிய அக்சஸ் பாயிண்ட் வைத்தேன். கட்டிலில் 380 மெகாபிட்.

ஆக, 400 வெள்ளி ரவுட்டரால் முடியாததை 105 வெள்ளி முடித்தது. உங்கள் வீட்டிலும் சோஃபா, அலமாரி, கட்டில் இவற்றின் பின்னால் அப்படி ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால்

ரவுட்டர் மிகப் பழையது, புதுப்பிப்புகள் நின்றுவிட்டன என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போது இவற்றைக் கவனியுங்கள்.

பெட்டியின் மேல் உள்ள பெரிய எண்ணை நம்பிவிடாதீர்கள். ஏஎக்ஸ்3000 என்பது 2.4இல் 574, 5இல் 2,402 என இரண்டு அலைவரிசைகளையும் கூட்டி எழுதிய கணக்கு. ஆய்வுக்கூட உச்சம் அது. உங்கள் கைப்பேசிக்கு அந்த எண் கிடைக்காது.

வைஃபை 6 பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளமாகப் போதும். வைஃபை 7க்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. கைப்பேசியும் மடிக்கணினியும் அதை ஆதரித்தால்தான் கூடுதல் காசுக்கு முழுப் பயன்.

10 கிகாபிட் திட்டத்துக்கு மாற நினைப்பவர்கள் கவனத்துக்கு: நாட்டின் அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை அந்த வேகத்துக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாக அரசாங்கம் 2024ல் அறிவித்தது. வாசல்வரை வேகம் வந்துவிடும். வாசலுக்கு உள்ளே அது நம் பொறுப்பு. ரவுட்டரின் துளை, கேபிள், கணினி மூன்றும் ஈடுகொடுக்க வேண்டும். ஏதாவது ஒன்று 1 கிகாபிட் வரைதான் தாங்கும் என்றால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே 1 கிகாபிட்தான்.

வீட்டில் பல இடங்களில் வைக்கும் ‘மெஷ்’ பெட்டிகள் வாங்குவோர் பலர், அலையே வராத அறையில் இரண்டாவது பெட்டியை வைத்துவிட்டு, பயனில்லை என்கிறார்கள். வராத அலையை அது எங்கிருந்து பிடித்துக் கொடுக்கும்? பாதி வழியில், அலை இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்கவேண்டும். பெட்டிகளை வயரால் இணைக்க முடிந்தால் அதுவே உத்தமம்.

சிங்கப்பூரில் விற்கப்படும் ரவுட்டர்களுக்கு 2021 ஏப்ரல் முதல் இணையப் பாதுகாப்பு முத்திரையின் முதல் நிலையாவது கட்டாயம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் என்ற பழைய ஆபத்தான வழக்கத்துக்கு அதில் இடமில்லை. வெளிநாட்டு இணையக் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுவோர் இதையும் யோசிக்கவேண்டும்.

அண்ணன் அலுவலகத்தில் காணாமல்போன அச்சு இயந்திரம்

சிறிய அலுவலகங்களின் கதை வேறு. அங்கே வேகத்தைவிட ஒழுங்குதான் முக்கியம். சிராங்கூன் ரோடு பக்கத்தில், கடைவீட்டின் மாடியில் என் பெரியப்பா மகன் கணக்கியல் அலுவலகம் நடத்துகிறார். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். ஏப்ரல் மாதம், வருமான வரிப் படிவங்களின் பரபரப்பில் போன் செய்தார்.

“தம்பி, பிரிண்டர் காலையில இருக்கு, மத்தியானம் இல்ல. ரெண்டு பேருக்கு வருது, மூணு பேருக்கு வரல. புதுசு வாங்கிடட்டுமா?”

போய்ப் பார்த்தேன். அச்சு இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. இணையச் சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டர் ஒன்று முன்னறையில். பின்னறைக்கு அலை போகவில்லை என்று யாரோ வாங்கிச் செருகிய இன்னொரு ரவுட்டர் உள்ளே. இரண்டும் தனித்தனியாகச் சாதனங்களுக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரே அலுவலகத்துக்குள் இரண்டு வீடு. அச்சு இயந்திரம் பின்வீட்டில், மூன்று கணினிகள் முன்வீட்டில். ஊழியர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அவரும் வீடு மாறிவிடுவார். காலையில் இருந்தது மத்தியானம் காணாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது ரவுட்டரின் அமைப்புகளில் ‘அக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றினேன். அவ்வளவுதான், பத்து நிமிட வேலை. அச்சு இயந்திரத்துக்கு மாறாத முகவரி ஒன்றையும் ஒதுக்கிக் கொடுத்தேன்.

ஆனால் என்னைக் கவலைப்பட வைத்தது வேறொன்று. வரவேற்பு மேசையில் வைஃபை கடவுச்சொல் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. வந்துபோகும் எல்லோரும், வாடிக்கையாளர்களின் சம்பளப் பட்டியலும் வங்கி அறிக்கையும் இருக்கும் அதே இணைப்பில்தான் இருந்தார்கள். “வர்றவங்க நம்ம ஆளுங்கதானே” என்றார் அண்ணன். நம்ம ஆளின் கைப்பேசியில் என்ன கிருமி இருக்கிறது என்று நம்ம ஆளுக்கே தெரியாது. விருந்தினருக்குத் தனி வைஃபை, அலுவலகத்துக்குத் தனி. பெரும்பாலான ரவுட்டர்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. வேலையை விட்டுப் போனவருக்குக் கடவுச்சொல் தெரிந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

திடீரென்று நின்றுபோனால்

வீடோ அலுவலகமோ, பதற்றத்தில் எல்லாவற்றையும் பிடுங்குவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

ஒரு சாதனத்துக்கு மட்டும் வரவில்லையா, எல்லாவற்றுக்குமா? ஒன்றுக்கு மட்டும் என்றால் ரவுட்டரைத் தொடாதீர்கள். அந்தச் சாதனத்தில் வைஃபை பெயரை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்.

எல்லாவற்றுக்கும் இல்லை என்றால், கண்ணாடியிழை வந்து சேரும் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ‘எல்ஓஎஸ்’ என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை. அந்த மெல்லிய இழை எங்காவது மடங்கியோ நசுங்கியோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் நிறுவனத்தை அழைப்பதுதான் வழி. ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

விளக்குகள் சரியாக இருந்தால் இரண்டு பெட்டிகளையும் அணையுங்கள். முதலில் கண்ணாடியிழைப் பெட்டியைப் போட்டு, விளக்குகள் நிலைக்கும்வரை இரண்டு நிமிடம் பொறுங்கள். அதன்பிறகு ரவுட்டர்.

குண்டூசியால் அழுத்தும் சிறு துளையைத் தொடாதீர்கள். அது அணைத்துப் போடும் பொத்தான் அல்ல. கடவுச்சொல் உட்பட எல்லா அமைப்பையும் அழித்து, கடையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

ரவுட்டரைத் தொட்டால் சுடுகிறதா? மூடிய அலமாரிக்குள் வைத்தவர்களுக்கு அடிக்கடி இணைப்பு அறுவதற்கு வெப்பமும் ஒரு காரணம். நம் ஊர் வெயிலில் அதற்கும் காற்று வேண்டும்.

கடைசியாக, ஆண்டுக்கு இரண்டு முறையாவது ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். தானாகவே புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். வைஃபை பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், பழைய சாதனங்கள் இருந்தால் டபிள்யூபிஏ2வையும் தேர்ந்தெடுங்கள்.

மறுபடியும் ஏழு மணி

இத்தனை நுட்பமும் தெரிந்த நான் தவறவிட்டது ஒன்றுதான். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்கவில்லை. வரவேற்பறையில் எனக்குப் படம் தடையில்லாமல் ஓடியது. வீடு முழுவதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் பலர் குறை சொல்லமாட்டார்கள். லைன் சரியில்லை என்று பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். இந்த வாரக் கடைசியில் உங்கள் அம்மாவையோ அப்பாவையோ பாட்டியையோ கேட்டுப் பாருங்கள்: “நீங்க எங்க இருந்து பேசுவீங்க?” அந்த இடத்தில் நின்று அளந்து பாருங்கள்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் பேசினார்கள். பெரியம்மா வீட்டுக் கறிவேப்பிலைச் செடி, பேரன் கல்யாணம், முட்டிக்குத் தடவும் தைலம் எல்லாம் வந்தன. நடுவில் ஒருமுறைகூட முகம் நிற்கவில்லை.

பேசி முடித்து வெளியே வந்த அம்மா சொன்னார்: “பரவாயில்லப்பா. ஈப்போ லைனை ஒருவழியா சரி பண்ணிட்டாங்க.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.